அஞ்சியோகிராமுக்கு நாள் குறித்தாயிற்றா? கொழும்பில் நோயாளியும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவை

கிளினிக்கில் டொக்டர் "ஒரு அஞ்சியோகிராம் செய்து பார்ப்போம்" என்று சொன்னால், வீடு வந்து சேர்வதற்குள் அது "ஹார்ட் ஒப்பரேஷன்" ஆகிவிடுகிறது. பிறகு ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் போன் வரத் தொடங்கும். ஆகவே முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கள்.

அஞ்சியோகிராம் ஒரு பரிசோதனை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள நாடிக்குள் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நீண்ட குழாயை விட்டு, இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளின் வாய்வரை கொண்டுபோவார்கள். அங்கே சாயம் செலுத்தி, அது ஓடுவதை எக்ஸ்ரே படமாகப் பார்ப்பார்கள். 20 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடும். நெஞ்சைத் திறப்பதில்லை, முழு மயக்கம் கொடுப்பதில்லை, தையலும் இல்லை.

அஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை. அதே துளை வழியாக, 0.36 மில்லிமீற்றர் தடிப்பான கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். அந்தக் கம்பியின்மேல் பலூனை ஓட்டி அடைப்பை விரித்து, அந்த இடம் மறுபடி சுருங்காதபடி ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயை வைப்பார்கள். இதற்கு 45 நிமிடம் முதல் 2 மணித்தியாலம் வரை எடுக்கலாம். 1977 செப்டெம்பர் 16 அன்று சூரிச்சில் அந்திரியாஸ் குருன்சிக் என்ற வைத்தியர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு முடியுரு நாடியைப் பலூனால் விரித்தார். அந்த நோயாளியும் விழித்தபடியேதான் கிடந்தார். ஸ்டென்ட் பிறகு வந்தது. அதன்மேல் மருந்து பூசுவது அதற்கும் பிறகு.

குழாயை உள்ளே விடும் வேலை தேர்ந்த கைகளில் இருக்கிறது. அங்கே நீங்கள் செய்ய வேண்டியது அசையாமல் கிடப்பது மட்டுமே. உங்கள் கையில் இருப்பவை வேறு: முன்கூட்டிச் சொல்லும் விபரங்கள், முதல் ஒரு நாள் கையைப் பேணுவது, அதன்பின் மாதக் கணக்கில் எடுக்கும் இரண்டு குளிசைகள். தவிர்த்திருக்கக்கூடிய சிக்கல்களில் பல இந்த மூன்றிலிருந்துதான் கிளம்புகின்றன. கீழே எழுதுவதில் பெரும்பகுதியும் இவற்றைப் பற்றியதே.

நெஞ்சுவலி இப்போதே இருந்தால்

இந்தக் கட்டுரை நாள் குறித்துப் போகிறவர்களுக்கானது. நெஞ்சின் நடுவில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, மூச்சுமுட்டல் ஆகியவை 15 நிமிடத்துக்கு மேல் நின்றால் வாசிப்பதை விட்டுவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணம் இல்லை. "வாயுவாக இருக்கும்" என்று ஓமத் தண்ணி குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுமுட்டலுமாக மாரடைப்பு வருவதுண்டு. மாரடைப்புக்காக நேரடியாகச் செய்யும் அஞ்சியோபிளாஸ்டியில், வைத்தியசாலைக்குள் வந்து 90 நிமிடத்துக்குள் நாடியைத் திறப்பதே இலக்கு. அங்கே நீண்ட விளக்கத்துக்கு நேரம் இராது. கேட்ட இடத்தில் கையெழுத்து வைத்துவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது கேட்க வேண்டியவை

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இதயப் பிரிவுக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள், அதனால் காத்திருப்புப் பட்டியல் உண்டு. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும்போது நெஞ்சுவலி முன்பைவிடக் கூடினாலோ, குறைந்த நடையிலேயே வந்தாலோ, இருக்கும்போதே வந்தாலோ, கொடுத்த தேதிவரை காத்திராதீர்கள். உடனே போய்ச் சொல்லுங்கள், முறை மாறும்.

தனியாரில் நார்ஹேன்பிட்ட, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெருப் பக்கத்துப் பெரிய வைத்தியசாலைகளில் கத் லேப், அதாவது அஞ்சியோகிராம் செய்யும் அறை, இருக்கிறது. டொக்டரைச் சனல் பண்ணி நாள் எடுப்பது எளிது. பில் பற்றி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். "பெக்கேஜ்" என்று சொல்லும் தொகைக்குள் எத்தனை ஸ்டென்ட் அடங்கும், கூடுதல் பலூன், நாடிக்குள்ளிருந்தே பார்க்கும் ஸ்கேன், இரண்டாம் இரவு தங்கல் ஆகியவை தனிக் கணக்கா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அஞ்சியோகிராமுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு வெளியே காத்திருக்கும் மகனிடம், நடுவில் ஒருவர் வந்து "மூன்று ஸ்டென்ட் தேவை, போடவா?" என்று கேட்கும் நிலை கொடுமையானது. அந்தக் கேள்விக்கு முதல் நாளே பதில் வைத்திருங்கள். காப்புறுதி இருந்தால் முன் அனுமதிக் கடிதம் எடுங்கள். பண வசதி குறைந்தவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் சிகிச்சைக்கு முன்பே விசாரிப்பது நல்லது.

ஒப்புதல் படிவத்தில் பெரும்பாலும் அஞ்சியோகிராமும், தேவைப்பட்டால் அஞ்சியோபிளாஸ்டியும் சேர்ந்தே இருக்கும். தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் படித்துச் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட வைத்திருங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் தயங்காமல் கேட்கலாம்: "இது அவசரமா, அல்லது மருந்தோடு பார்க்கலாமா?" மாரடைப்பில் ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் நடக்கும்போது மட்டும் வந்து, நின்றால் போய்விடும் நிலையான நெஞ்சுவலி வேறு. 2020 இல் வெளியான இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வு 5,179 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. அப்படிப்பட்டவர்களில் உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் (நெஞ்சைத் திறந்து அடைப்புக்கு மாற்றுவழி தைக்கும் ஒப்பரேஷன்) செய்தவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் இடையே இறப்பிலோ மாரடைப்பிலோ ஒட்டுமொத்தத்தில் தெளிவான வித்தியாசம் தென்படவில்லை. நெஞ்சுவலி குறைவதில் ஸ்டென்ட் முன்னின்றது. இடது முதன்மை நாடியில் அடைப்பு உள்ளவர்களையும் இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, ஆகவே இதை வைத்து நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள். ஆனால் கேட்பது உங்கள் உரிமை. நல்ல டொக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

முன்பரிசோதனையாக ஈ.சி.ஜி., எக்கோ, முழு இரத்தப் பரிசோதனை, சீனி, இரத்தம் உறையும் தன்மை, கிரியற்றினின் ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் கிரியற்றினினை அலட்சியம் செய்யாதீர்கள். சாயம் சிறுநீரகத்தால்தான் வெளியேற வேண்டும். அது ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் இன்னும் தளரக்கூடும். முன்கூட்டித் தெரிந்தால் சேலைன் ஏற்றி, சாயத்தைக் குறைத்துச் செய்வார்கள். அஞ்சியோகிராமுக்குச் சாதாரணமாக 50 முதல் 100 மில்லிலீற்றர் சாயம் போதும். ஸ்டென்ட் போட்டால் கூடும்.

எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "பிரஷருக்கு ஒரு வெள்ளைக் குளிசை" என்று சொல்வதில் பயனில்லை. நாட்டு மருந்து, கசாயம், தேசிக்காயும் உள்ளியும் சேர்த்துக் காய்ச்சிய மருந்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள், திட்டினாலும் சொல்லுங்கள்.

நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுப்பவர்கள் எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சாயம் ஏற்றினால் மெட்ஃபோமின் உடலில் தேங்கி இரத்தத்தில் அமிலம் கூடலாம். அதனால் பல இடங்களில் அன்றைக்கு நிறுத்தி, 48 மணித்தியாலம் கழித்துக் கிரியற்றினின் பார்த்துத் தொடங்கச் சொல்வார்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்னும் குளிசைகள் எடுப்பவர்களும் கேட்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடாமல் வழமையான அளவைப் போட்டுவிட்டால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அளவை டொக்டர் மாற்றித் தருவார். வார்ஃபரின் போன்ற குருதி உறையாமைக் குளிசை எடுப்பதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. ஆனால் அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் வேறு கதை. "இரத்தம் மெல்லிசாகும் மருந்துதானே" என்று இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. சிகிச்சைக்கு இவை தேவை. முதல் நாளோ அன்றோ கூடிய அளவில் கொடுப்பார்கள்: அஸ்பிரின் 300 மில்லிகிராம், குளோபிடோக்ரல் 300 முதல் 600 மில்லிகிராம் வரை.

இவற்றோடு சொல்ல வேண்டியவை: முன்பு சாயத்துக்கு உடல் தடித்ததா, ஆஸ்துமா, வயிற்றுப்புண், மூலத்தில் இரத்தம், அண்மையில் பக்கவாதம், கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு. இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சாயம் கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல, அந்த ஒவ்வாமை வேறு புரதத்தால் வருவது. இருந்தாலும் எந்த ஒவ்வாமையையும் சொல்லி வையுங்கள். பல் பிடுங்க வேண்டியிருக்கிறதா, கண்புரை, ஹேர்னியா ஒப்பரேஷன் எதற்கும் நாள் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்டென்ட் போட்டபின் பல மாதங்களுக்கு அந்த இரண்டு குளிசையையும் நிறுத்த முடியாது, அதனால் மற்ற ஒப்பரேஷன்கள் தள்ளிப்போகக்கூடும்.

முதல் நாளும் அன்று காலையும்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரவு பஸ்ஸில் வந்து விடிய நேரே வாட்டுக்குப் போகாதீர்கள். ஒரு நாள் முந்தி வந்து வெள்ளவத்தைப் பக்கம் லொஜ்ஜிலோ உறவினர் வீட்டிலோ தூங்கி எழும்பிப் போங்கள். திரும்பிப் போவதற்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வழியில், ஓமந்தைக்கு அப்பால் நடுச்சாமத்தில் கையில் இரத்தம் கசிந்தால் உதவி எட்டத்தில்.

திடமான உணவு 6 மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம் முன்புவரை பெரும்பாலும் குடிக்கலாம். உங்கள் வாட்டில் சொல்வதே கணக்கு. பால் தேத்தண்ணி தண்ணீர் அல்ல. காலைப் பிரஷர் குளிசையையும் அஸ்பிரினையும் ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கச் சொல்வது வழக்கம்.

இரண்டு மணிக்கட்டும் தொடை இடுக்கும் சவரம் செய்யப்படும். கையில் கட்டிய நூல், காப்பு, வளையல், மோதிரம் அத்தனையும் கழற்ற வேண்டும். கோயில் நூலை அறுக்க மனமில்லாதவர்கள் முதல் நாளே கழற்றி வீட்டில் வைத்துவிடுவது நல்லது. தாலிக்கொடியும் சங்கிலியும் படத்தில் இதயத்துக்கு மேலே நிழலாக விழும், வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவிக்கு அது இடைஞ்சல். கட்டுப்பல் இருந்தால் தாதியிடம் சொல்லுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய ஈ.சி.ஜி., எக்கோ தாள்கள், குளிசைப் பை, முன்பக்கம் திறக்கும் சேர்ட் அல்லது ஹவுஸ்கோட், சாரம், துவாய், போன் சார்ஜர், வளைக்கக்கூடிய ஸ்ட்ரோ. படுத்தபடி குடிக்க அந்த ஸ்ட்ரோ எவ்வளவு உதவும் என்பது அப்போதுதான் தெரியும்.

உள்ளே

கத் லேப் குளிராக இருக்கும். ஒடுக்கமான மேசை, மேலே வளைந்த எக்ஸ்ரே கை, பக்கத்தில் பெரிய திரை. போகுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர்களும் நாரிப்பிடிப்பு உள்ளவர்களும் மேசையில் ஏறுமுன்பே சொல்ல வேண்டும். ஒரு தலையணை, ஒரு சிறு மருந்து அதற்குத் தீர்வாகும்.

பெரும்பாலும் வலது மணிக்கட்டு. விறைக்கும் ஊசி போடும்போது சில கணம் எரியும். பிறகு ஒரு சிறு உறையை நாடிக்குள் செருகுவார்கள். அதன் வழியாக நாடி இறுகாமலிருக்க ஒரு மருந்து போகும். கை முழுவதும் சூடாக எரிவது போல் பத்துப் பதினைந்து விநாடி இருக்கும், பயப்பட வேண்டாம். பயந்து கையை இறுக்கிப் பிடித்தால் நாடியும் இறுகக்கூடும். இறுகிய நாடிக்குள் குழாய் நகர மறுக்கும், முன்கை வலிக்கும். சிலருக்குக் கை நாடி இயல்பிலேயே சுருண்டிருக்கும். அப்போது தொடை இடுக்குக்கு மாறுவார்கள். அது தவறு நடந்ததன் அடையாளம் அல்ல, அதற்காகத்தான் இரண்டு இடத்திலும் சவரம் செய்தது.

குழாய் நாடிக்குள் போவது தெரியாது. உள்ளே வலி உணரும் நரம்பு இல்லை. இதயம் ஒருமுறை தடுமாறித் துடிப்பது போல் இருக்கலாம். சாயம் இதய அறைக்குள் செலுத்தினால் உடம்பெல்லாம் வெப்பம் பரவி, சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். போயிருக்காது. "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்பார்கள். எக்ஸ்ரே கை முகத்துக்கு மிகக் கிட்டே வந்து திரும்பும், கையால் தள்ளாதீர்கள்.

பலூன் ஊதும் கணம் மட்டும் நிச்சயம் தெரியும். அந்த 10 முதல் 30 விநாடி அந்த நாடியில் இரத்தம் நிற்பதால், உங்களுக்குப் பழக்கமான அதே நெஞ்சுவலி வரும். பலூன் சுருங்கியதும் போகும். வந்தால் வாய் திறந்து சொல்லுங்கள்; போகாவிட்டால் உரத்துச் சொல்லுங்கள். பலூனுக்குள் ஏறும் அழுத்தம் 8 முதல் 16 வளிமண்டலம் அளவு, கார் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஸ்டென்ட்டின் விட்டம் பொதுவாக 2.25 முதல் 4 மில்லிமீற்றர், அதன் வலைக்கம்பி ஒரு தலைமயிரின் தடிப்பு. அதன்மேல் பூசிய சிரோலிமஸ் இன மருந்து, நாடிச் சுவர் வடுவாக வளர்ந்து மறுபடி அடைக்காமல் பார்த்துக்கொள்ளும்.

தமிழ் தெரிந்தவர் உள்ளே எப்போதும் இருப்பார் என்று எண்ண முடியாது. சிங்களம் வராதவர்கள் இந்தச் சில சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள். "பபுவ ரிதெனவா" என்றால் நெஞ்சு வலிக்கிறது. "ஹுஸ்ம கன்ன அமாருய்" மூச்செடுக்கக் கஷ்டம். "லே எனவா" இரத்தம் வருகிறது. "கஹனவா" அரிக்கிறது, இது முக்கியம், சாய ஒவ்வாமையின் முதல் அறிகுறி பல நேரம் அரிப்புத்தான். "ஒளுவ கெரகெனவா" தலை சுற்றுகிறது.

ஸ்டென்ட் போடாமலே வெளியே வந்தால் வீட்டார் கலங்கிப்போகிறார்கள். அடைப்பு பெரிதாக இல்லாமல் இருக்கலாம். அல்லது மூன்று நாடியிலும் அடைப்பு, இடது முதன்மை நாடியில் அடைப்பு, அதோடு நீரிழிவு என்றால் பைபாஸ் நல்லதென்று டொக்டர் நிறுத்தியிருக்கலாம். சுண்ணாம்பாய் இறுகிய அடைப்புக்கு வேறு கருவியோடு வேறு நாள் குறிக்கவும் கூடும். நிறுத்தி யோசிப்பது தெரிந்த வைத்தியரின் செயல்.

பெரிய ஆபத்துகளையும் சொல்லத்தான் வேண்டும். பக்கவாதம், மாரடைப்பு, நாடி கிழிதல், இறப்பு ஆகியவை நிகழக்கூடியவை. திட்டமிட்டுச் செய்யும் அஞ்சியோகிராமில் இவை எல்லாம் சேர்ந்தே நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அஞ்சியோபிளாஸ்டியில் சற்றுக் கூட. அவசர பைபாஸ் தேவைப்படுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே. மாரடைப்போடு வருகிறவர்கள், வயோதிபர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு உயரும்.

வெளியே வந்த முதல் சில மணித்தியாலங்கள்

மணிக்கட்டில் காற்று நிரப்பிய பிளாஸ்டிக் பட்டி கட்டியிருப்பார்கள். 13 முதல் 15 மில்லிலீற்றர் காற்று அதற்குள் இருக்கும். சில மணித்தியாலத்தில் தாதி கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்குவார். இறுக்கமாக இருக்கிறதென்று நீங்களே இளக்கினால் நாடி இரத்தம் பீச்சியடிக்கும். அதேவேளை விரல்கள் நீலமாகினாலோ, மரத்துப்போனாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ உடனே கூப்பிடுங்கள். அந்தக் கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழும்பாதீர்கள். பலர் தவறுவது இந்த ஒன்றில்தான்.

தொடை வழியாகச் செய்திருந்தால் உறையை எடுத்து 15 முதல் 20 நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். அதன்பின் 4 முதல் 6 மணித்தியாலம் காலை மடக்காமல் நேராகக் கிடக்க வேண்டும். தலையைத் தூக்கினாலே வயிற்றுத் தசை இறுகும், அதனால் தலையையும் தூக்க வேண்டாம். இருமலோ தும்மலோ வந்தால் துளையின்மேல் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். தொடைவழியில் கவனிக்க வேண்டிய மறைவான அபாயம் ஒன்று: வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் வயிற்றின் பின்புறத்தில் இரத்தம் தேங்குவது. நாரி வலி, வியர்வை, தலைச்சுற்று ஒன்றாக வந்தால் "படுத்துக் கிடந்த நோவு" என்று விடாமல் தாதியைக் கூப்பிடுங்கள்.

சாயம் வெளியேற நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கும் இது பொருந்தாது. பார்க்க வருகிறவர்கள் தம்பிலி கொண்டுவருவார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களும் லொசார்ட்டன், ஸ்பைரோனொலக்டோன் எடுப்பவர்களும் கேட்காமல் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் கூட.

வீட்டுக்குப் போகுமுன் கையில் வாங்க வேண்டியவை

அஞ்சியோகிராம் மட்டும் என்றால் பெரும்பாலும் அன்றே அனுப்புவார்கள். ஸ்டென்ட் என்றால் ஓர் இரவு. டயக்னோசிஸ் கார்ட், அஞ்சியோகிராம் சீடி, ஸ்டென்ட் அட்டை மூன்றையும் வாங்காமல் வெளிக்கிடாதீர்கள். ஸ்டென்ட் அட்டையில் எந்த நாடி, எந்த அளவு, எந்த வகை, எந்தத் தேதி என்று இருக்கும். மூன்றையும் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் எல்.ஏ.டி. என்பது இதயத்தின் முன்பக்க நாடி, ஆர்.சி.ஏ. வலது நாடி, எல்.சி.எக்ஸ். இடப்பக்கம் சுற்றிப் போவது.

குளிசை

அஸ்பிரின் 75 மில்லிகிராம், பெரும்பாலும் ஆயுளுக்கும். அதோடு குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று; அல்லது டிகாக்ரெலோர் 90 மில்லிகிராம், காலையும் மாலையும். மாரடைப்புக்குப்பின் போட்ட ஸ்டென்ட்டுக்கு இந்த இரட்டை மருந்து வழமையாக 12 மாதம், நிலையான நோய்க்கு 6 மாதம். உங்கள் காலத்தை டொக்டர் கூட்டவோ குறைக்கவோ செய்வார். காரணம் எளிது. உலோகத்தின்மேல் நாடியின் உட்தோல் படர மாதங்கள் எடுக்கும். அதுவரை இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) அந்தக் கம்பியில் ஒட்டிக் கட்டியாகப் பார்க்கும். குளிசை நின்றால் கட்டி ஒரே நாளில் ஸ்டென்ட்டை அடைத்து, பெரிய மாரடைப்பாக வரும்.

ஆகவே "ஒரு மாதம் நல்லாயிருக்கிறேன்" என்று நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் மருந்து இல்லையென்றால் அன்றே ஒசுசலவிலோ பாமசியிலோ வாங்குங்கள். கையிருப்பு ஒரு கிழமைக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பல் வைத்தியர் நிறுத்தச் சொன்னால் இதய டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஒரே மருந்து வேறு வேறு கம்பனிப் பெயரில் வரும். கிளினிக் குளிசையும் பாமசிக் குளிசையும் சேர்த்து இரண்டு மடங்கு எடுக்கிறவர்கள் உண்டு. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். டிகாக்ரெலோரால் சிலருக்கு மூச்செடுக்க ஒரு மாதிரி இருக்கும். நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் நீங்களாக வாங்க வேண்டாம், குளோபிடோக்ரலின் வேலையை அது குறைக்கும். வலிக்குப் பனடோல் போதும், டைக்குளோஃபெனக்கும் ஐபுபுரூஃபெனும் வேண்டாம். விரதமோ நோன்போ இருப்பவர்கள் குளிசை நேரத்தை டொக்டரோடு பேசி மாற்றிக்கொள்ளலாம், விட முடியாது.

கொழும்பில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: டெங்கு. டெங்குக் காய்ச்சல் குருதிச் சிறுதட்டுகளைக் குறைக்கிறது, உங்கள் குளிசைகள் அவற்றின் வேலையைத் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் இரத்தக் கசிவு. காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பார்ப்போம் என்றிராமல் முதல் நாளே வைத்தியசாலைக்குப் போய், ஸ்டென்ட் போட்டதையும் எப்போது போட்டதையும் சொல்லி, இரத்தம் சோதியுங்கள். குளிசையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அங்கே முடிவெடுக்கட்டும்.

முதல் கிழமைகள்

மணிக்கட்டில் ஒரு நீலத் தழும்பும் கடலையளவு கட்டியும் சாதாரணம். ஒரு கிழமைக்கு அந்தக் கையால் தேங்காய் திருவாதீர்கள், உடுப்பு முறுக்கிப் பிழியாதீர்கள், கிணற்றில் தண்ணீர் இழுக்காதீர்கள், 12.5 கிலோ கேஸ் சிலிண்டரைத் தூக்காதீர்கள். இரும்போடு சேர்த்தால் அது இரட்டிப்புப் பாரம். மோட்டார் சைக்கிளும் த்ரீவீலும் ஓட்டுவதை ஒரு கிழமை தள்ளிவையுங்கள். மாரடைப்பு வந்தவர்கள் டொக்டர் சொல்லும்வரை. நடை முதலில் 5 அல்லது 10 நிமிடம், சமதரையில், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. சில கிழமையில் 30 நிமிடம். வெயில் ஏறுமுன் சுதந்திர சதுக்கப் பாதையோ விகாரமகாதேவி பூங்காவோ நல்லது. கருவாடு, அப்பளம், ஊறுகாயில் போகும் உப்பைக் கணக்கெடுங்கள். நாளுக்கு 5 கிராமே அளவு. சிகரெட் என்றால் ஒன்றுகூடக் கூடாது.

வீட்டில் கையிலிருந்து இரத்தம் வந்தால் இரண்டு விரலால் துளையின்மேல் நேராக அழுத்தி, கையை உயர்த்தி, 10 முதல் 15 நிமிடம் எட்டிப் பார்க்காமல் பிடியுங்கள். தொடையென்றால் உடனே நிலத்தில் படுத்து, வேறொருவர் துளைக்குச் சற்று மேலே பலமாக அழுத்த வேண்டும். நிற்காவிட்டால் 1990. வளரும் வீக்கம், குளிர்ந்த கை அல்லது கால், காய்ச்சலோடு சிவத்த துளை, தார்போலக் கறுத்த மலம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுக்கு அன்றே போக வேண்டும்.

நாக்கின்கீழ் வைக்கும் நைட்ரேட் குளிசை தந்திருப்பார்கள். நெஞ்சுவலி வந்தால் இருந்துகொண்டு ஒன்று வையுங்கள்; நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கி விழக்கூடும். 5 நிமிடத்தில் போகாவிட்டால் அம்புலன்ஸை அழைத்துவிட்டு இன்னொன்று வையுங்கள். ஆண்மைக்காக எடுக்கும் சில்டெனாஃபில் வகைக் குளிசைகளோடு இது சேர்ந்தால் பிரஷர் உயிராபத்தான அளவுக்கு விழும். வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும். நைட்ரேட் குளிசைப் போத்தல் கறுத்த கண்ணாடியில்தான் இருக்க வேண்டும், திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள், 8 கிழமையில் புதிது வாங்குங்கள்.

மூன்று மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் பழைய அதே வலி நடக்கும்போது திரும்பினால், ஸ்டென்ட் போட்ட இடம் மறுபடி சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திராமல் போங்கள், அந்தச் சீடியையும் எடுத்துக்கொண்டு.